புள்ளி

செக்காலை ரோட்டில் எங்கள் கூரியர் கடை.
புதன்கிழமை, விடாத ஐப்பசி மழை.
இரண்டு அட்டைப்பெட்டிகளைத் தராசில் ஏற்றிவிட்டு
பள்ளத்தூர் ஏகப்பன் கைபேசியையே பார்க்கிறார்.
சிவப்பும் நீலமுமாய் ஒரு நாடு
மெல்ல நிறைந்துகொண்டிருக்கிறது.

'நாலு கிலோ முந்நூறு' என்கிறேன்.
'இருநூற்றெழுபது வேணும்' என்கிறார்.

ஐந்நூற்று முப்பத்தெட்டில் பாதியும் ஒன்றும்.
ஜனங்கள் குத்துவது ஜனாதிபதிக்கு இல்லையாம்,
அவருக்குக் குத்தப்போகிற ஆட்களுக்காம்.
மார்கழி பிறக்கிற வாக்கில்
அந்த ஆட்கள் மாநிலம் மாநிலமாகக் கூடுவார்களாம்.
'எங்க கோயில் புள்ளி மாதிரி வச்சுக்கயேன்.'
கல்யாணமான தம்பதி ஒரு புள்ளி.
துணை போனால் அரை.
தனியாள், எத்தனை கோடி வைத்திருந்தாலும்,
வரி நோட்டில் இல்லை.

மகள் தேனம்மை பென்சில்வேனியாவில்.
ஒரு மாதமாய் அவள் கதவைத் தட்டாத
கட்சிக்காரன் இல்லை.
மகன் சாத்தப்பன் கலிபோர்னியாவில்.
அவன் கதவை ஒருத்தனும் தட்டவில்லை.
அங்கே முடிவு முன்பே தெரியும்,
ஜெயித்தவருக்கே மொத்தமும்.
அவனுக்கு இன்னும் கல்யாணமும் ஆகவில்லை.
'இங்கேயும் புள்ளியில்லை, அங்கேயும் புள்ளியில்லை'
சிரிக்க ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அதிக ஓட்டு வாங்கியும் தோற்றவர்கள்
அந்த ஊரில் உண்டாம்.
நான் படிவத்தில்
'மணகோலம், சீப்புச் சீடை, விற்பனைக்கு அல்ல'
என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் யாரோ ஜெயித்தார்.
பொங்கல் கழிந்த வாரம் பதவி ஏற்றார்.
அவர் சட்டத்தைச் சபை முடக்கலாம்,
உத்தரவைக் கோர்ட்டு நிறுத்தலாம்,
அதுவரைக்கும் பேனா பேனாதான்.

ஆடியில் ஏகப்பன் அதே இரண்டு பெட்டிகளோடு வந்தார்.
கம்ப்யூட்டரில் புதிதாய் ஒரு கட்டம்.
நிரப்பினேன். வரி
சீடையின் விலையைத் தாண்டிக்கொண்டு போனது.
ஏதோ ஒரு கையெழுத்து,
பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் கடந்து வந்து
என் தராசில் உட்கார்ந்திருக்கிறது.
'நம்மளை யாரும் கேக்கலையே சார்' என்றேன்.
'சாத்தப்பனைக் கேட்டாங்களே' என்றார்,
அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியவில்லை.

மழையில்லாத தெருவைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
ஒரு பெட்டியைத் திரும்ப இறக்கினார்.
'பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு மட்டும் அனுப்பு.'

இறக்கிய பெட்டியை
என் மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.
சாயங்காலம் வரை தொடவில்லை.
பிறகு பிரித்துத் தின்றேன்.
உப்பு கொஞ்சம் தூக்கல்.