பாயிண்ட் ஆறு

பாம்பன் தெற்குவாடியில்
விடியுமுன் நண்டுக்கு விலை கூவும் வாய் இது.
கச்சான் வீசும் மாதங்களில்
அறுநூறு என்று திறந்தால்
காற்று நேராய்க் கீழ்ப்பல் வேரில் வந்து குத்தும்.
'அறு'வோடு நின்றுவிடுவேன்.
ஏலக்காரன் தயங்கினால் யாபாரிக்குக் கொண்டாட்டம்.

மண்டபத்தில் டாக்டர் நூருல் ஷிபா
பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே
மெல்லிய கம்பியொன்றை நுழைத்துக் கண்ணாடி காட்டினார்.
தோலுக்குள் கம்பி சாம்பலாய்த் தெரிந்தது,
ஊசிக்கணவாய்க்குள் அதன் முள் தெரிவதுபோல.
"பாயிண்ட் ஆறு மில்லி. ஒன்றாவது வேண்டும்.
அண்ணத்தில் வெட்டி இங்கே ஒட்டலாம்."
நாற்காலியின் கையை நான் பிடித்ததைப்
பார்த்திருக்க வேண்டும்.
"வெட்டாமலும் ஒரு வழி இருக்கு.
உறுதி தர மாட்டேன்."

முதலில் பிரஷ்ஷை மாற்றச் சொன்னார்.
படகின் அடியில் பாசி சுரண்டுவதுபோல்
இருபது வருஷம் தேய்த்திருக்கிறேன்.
பிறகு முழங்கையில் ரத்தம் எடுத்தார்.
இயந்திரம் சுழன்ற இரண்டாம் நிமிஷம்
கரண்ட் போனது.
காத்திருந்தால் உறைந்துவிடுமாம். கொட்டிவிட்டு
மற்ற கையைக் கேட்டார்.
ஐஸ் இல்லாமல் கெட்ட இறாலைக் கொட்டும்போது
வருகிற அதே எரிச்சல் வந்தது எனக்கு.

இரண்டாம் குழாயின் மேல்பாதி
நல்லெண்ணெய் நிறத்தில் தெளிந்து நின்றது.
நுண்ணூசிகளால் ஈறைத் துளை துளையாய்க் குத்தி
என்னிடம் எடுத்ததை எனக்கே ஏற்றினார்.
மரத்த உதட்டுக்குப் பின்னால்
யாரோ வலை பொத்துவதுபோல் இருந்தது.
"ரெண்டு நாள் கூவக்கூடாது."

மறுநாள் என் இடத்தில் மச்சினன் ரெமிஜியுஸ்.
நீலக்கால் நண்டு நானூற்று நாற்பதுக்குப் போனது.
நான் ஐந்நூற்றைம்பது வரை இழுத்திருப்பேன்.
கூடாது கூடாது என்று கையை ஆட்டினேன்;
ஈ ஓட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டான்.

மாதம் ஒன்றாக நாலு முறை போய் வந்தேன்.
நேற்று மறுபடி கம்பி, மறுபடி கண்ணாடி.
தெரிகிறதா என்றார்.
தெரிகிறது,
கலங்கல் தண்ணிக்குள் கிடக்கிற மாதிரி.
"பாயிண்ட் எட்டு."
பாயிண்ட் எட்டு, ஒரு தரம்,
என்றேன், அவர் கையுறை விரல் வாயில் இருக்கும்போதே.
டாக்டர் சிரிக்கவில்லை.
சீட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது பஸ் பாலம் ஏறியது.
ஜன்னலைத் தள்ளி
கடலைப் பார்த்து வாயைத் திறந்தேன்.
குத்தியது.
முன்னைவிடக் குறைவா என்று
கணக்குப் போடுவதற்குள்
பாலம் முடிந்துவிட்டது.