வந்த காரணம்

காட்பாடியில் இறங்கும்போது மணி பதினொன்று.
கத்திரியின் ஆறாம் நாள்.
இன்று கோட்டை, நாளை ஏலகிரி,
நடுவில் இரவுக்கு ஒரு கட்டில், ஒரு மின்விசிறி.
மங்கை கூடுதலாகக் கேட்டது
ஒரு ஜன்னல்.

"எந்த டிபார்ட்மெண்ட் சார்?" என்றார் ஆட்டோ தஸ்தகீர்.
கோட்டை பார்க்க, என்றேன்.
பாலாற்றுப் பாலம் முடியும் மட்டும்
கண்ணாடியில் எங்களையே பார்த்து வந்தார்,
இரண்டு பேரில் யாருக்கு என்று.
மணல்கூட மிச்சமில்லாத ஆறு
கீழே போயிற்று.

முதல் லாட்ஜின் பலகையில்
தமிழுக்கு மேலே வங்காளம்.
கட்டில் மூன்று, அடுப்பு ஒன்று,
குக்கருக்கும் கடாய்க்கும் நாள் வாடகை
சுவரில் ஒட்டியிருந்தது.
ஒரு ராத்திரிக்குத்தான் என்றதும்
சாவி மறுபடி ஆணிக்குப் போனது.

இரண்டாவதில் லிஃப்ட் உண்டு,
ஸ்ட்ரெச்சர் நுழையும் அகலத்தில்.
குளியலறைச் சுவரில் இருபுறமும் கைப்பிடி.
மங்கை ஒன்றைப் பிடித்துப் பார்த்தாள்,
உடனே விட்டாள்.
தெருவுக்கு வந்த பிறகுதான் சொன்னாள்:
அது இன்னும் ஈரமாக இருந்ததாம்.

மூன்றாவதில் ஏசி, டிவி, அவள் கேட்ட ஜன்னல்.
திறந்தால் கைநீட்டும் தூரத்தில்
பக்கத்து லாட்ஜின் ஜன்னல்.
அங்கே ஒருவர் எக்ஸ்ரே படத்தை
வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தார்.
யாருடைய விலா எலும்போ,
அதன் வழியே எங்களைப் பார்த்தார்.
நாங்கள் திரையை மெதுவாக இழுத்துவிட்டு
வாடகை அதிகம் என்று சொல்லிப் படியிறங்கினோம்.
அதிகம்தான்.

நாலாவது சந்துக்குள்ளே சந்து.
"ரூம் கீது சார், மொட்டமாடில.
தண்ணி காலைல ஆறு மணிக்கு.
சமைச்சா தனி காசு."
முனிரத்தினம் பேரேட்டைத் திருப்பி வைத்தார்.
பெயர், ஊர், நோயாளி பெயர், ஆஸ்பத்திரி நம்பர்.
இரண்டு கட்டம் காலியாக விட்டேன்.
வந்த காரணம் என்ற இடத்தில்
சும்மா, என்று எழுதினேன்.
அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
இரண்டு தரம் படித்தார்.
"இருபத்திரெண்டு வருசம் சார்,
இந்த வார்த்தைய இதுல நான் பாத்ததில்ல."

இரவு பத்தேகாலுக்கு கரண்ட் போயிற்று.
அறைக்கு அறை பாய் சுருட்டிக்கொண்டு
எல்லோரும் மாடிக்கு வந்துவிட்டார்கள்.
கொடியில் ஏழெட்டுப் புடவைகள், ஒரு ஆஸ்பத்திரி அங்கி.
கடுகெண்ணெயில் மீன் பொரித்துக்கொண்டிருந்த மால்டாக்காரம்மா
தலையசைத்து மங்கையைக் கேட்டாள்: யாருக்கு?
மங்கை என்னைக் காட்டி, தன்னைக் காட்டி,
இரண்டு கையையும் விரித்தாள்.

எங்களுக்கு ஒன்றுமில்லை என்பதைக்
கையால் சொல்வது கஷ்டம்.
இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்பதற்கும்
அதே கைதான்.

அந்தம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.
மங்கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு
நெடுநேரம் ஏதோ சொன்னாள்.
ஒரு மூடியில் இரண்டு துண்டு மீன்,
பெரிய துண்டு என் பக்கம்.
மறுக்க எங்களிடம் மொழி இல்லை.
தின்றோம். முள் அதிகம்.
அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்,
நான் எப்படி விழுங்குகிறேன் என்று.

கோட்டையை நாங்கள் பார்க்கவேயில்லை.

காலையில் கணக்கு முடிக்க இறங்கியபோது
எங்கள் அறைக்கு ஆள் வந்து நின்றிருந்தார்கள்.
படுக்கை விரிப்பைக்கூட இன்னும் மாற்றவில்லை.
பெரியவர் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார்,
மடியில் பெரிய பழுப்பு உறை.
மகன் ஊரைச் சொல்லச் சொல்ல
முனிரத்தினம் எங்களுக்கு அடுத்த வரியில் எழுதினார்.
கடைசிக் கட்டத்துக்கு வந்ததும்
பேனா நிற்கவில்லை,
கண் மேலே போகவில்லை,
பழகிய கை:
மேற்படி.

சொல்ல வாயெடுத்தேன்.
மங்கை என் காலை மிதித்தாள்.

திருப்பத்தூர் பஸ்ஸில் கூட்டமில்லை.
அவளுக்கு ஜன்னலோரம் கிடைத்தது.