கசிவுச் சோதனை

வரைபடத்தில் இல்லாத புத்தர்கள்
என் பட்டியலில் இருக்கிறார்கள்,
வாடிக்கையாளர் எண்ணோடு.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை
எரிவாயு நிறுவனம் என்னை மியா மேட்டுக்கு அனுப்புகிறது.
கையில் கருவி, பையில் சோப்புத்தண்ணீர்,
கழுத்து அட்டையில் என் பெயர்: பாங் கியோங்-ஹ்வா.
சியோலில் சுற்றுலாப் பேருந்து நிற்கும் கோயில்களெல்லாம்
வேறொருத்தியின் பங்கு.
எனக்கு வாய்த்தவை மாடிப்படிக் கோயில்கள்.

ஒன்று பில்லியர்ட்ஸ் கூடத்துக்கு மேலே.
ஓதும்போது தட்டும் மரத்தாளம் எது,
பந்தோடு பந்து முட்டுவது எது,
படியில் நின்று பிரித்தறிய
இன்னும் எனக்கு வரவில்லை.

ஒன்று குறிசொல்பவளுக்கு அடுத்த கதவு.
இரண்டு வாசலிலும் ஒரே ஸ்வஸ்திகம்.
முதல் வருடம் வீடு மாறிப் போய்
அவள் அடுப்பைச் சோதித்தேன்.
காசு வாங்காமல் என் முழங்காலைப் பார்த்துச் சொன்னாள்:
"தேயும்."

இன்னொன்றில் ரப்பர் செருப்புப் போட்ட இளம் துறவி.
கையெழுத்துப் போடும்போதும்
கண் கைப்பேசியில், பேஸ்பால் ஆட்டத்தில்.

பிறகு அந்தப் பச்சைக் கதவு. யாரும் திறந்ததேயில்லை.
நிறுவனம் அச்சடித்துத் தந்த தாளை
ஒட்டிவிட்டு வருவேன்:
'ஆளில்லை. மறுபடி வருவேன்.'
மற்ற வீடுகளில் ஒட்டும்போது வராத சிரிப்பு
அங்கே மட்டும் வரும்.

நான் ஞாயிற்றுக்கிழமைக்காரி.
எங்கள் சபையில் ஐயாயிரம் நாற்காலி, நான்கு திரை,
கார் நிறுத்த விசில் ஊதும் ஊழியர் தனி.
புத்தருக்கு நான் வணக்கம் வைப்பதில்லை.
அவருக்கும் அதில் வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை.

நவம்பரில், கிம்சி போடும் வாரம்.
பிக்குணி ஹ்யேதமின் சமையலறை.
அவர்கள் கிம்சியில் பூண்டு கிடையாது,
அதனால் கசிவுக்கு ஒளிய இடமில்லை;
கருவிக்கு முன் என் மூக்கு சொல்லிவிட்டது.
குழாயின் முட்டியில் சோப்புத்தண்ணீர் தடவினேன்.
முதலில் ஒன்றுமில்லை. பிறகு,
முட்டைக்கோஸ் குவியலுக்கும் மிளகாய்த்தூள் வாளிக்கும் நடுவே
மெல்ல ஒரு குமிழி ஊதி எழுந்தது.
ஜன்னல், குழல்விளக்கு, எங்கள் இரண்டு தலை,
மழித்தது ஒன்று, சாயம் பூசியது ஒன்று,
எல்லாம் அதற்குள் வளைந்து நின்றன.
குமிழி பற்றி அவர்கள் மதத்தில்
எவ்வளவோ சொல்லியிருப்பார்கள்.
ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

உடைந்தது.
"எவ்வளவு ஆகும்?" என்றார்.
"இருபத்தெட்டாயிரம் வோன். அதுவரை அடுப்பு கூடாது."
"அப்போ மதியம் நூடுல்ஸும் போச்சு."

வால்வை மூடினேன். எண்ணைக் குறிக்க வேண்டும்.
பழைய வீட்டைக் கோயிலாக்கியபோது
யாரும் நகர்த்தாமல் விட்ட மீட்டர்
சந்நிதிச் சுவரின் அடியில்,
தரையிலிருந்து ஒரு சாண்.
தேயும் முழங்காலை மடக்கி, மற்றதையும் மடக்கி,
நெற்றி தரையில் படக் குனிந்தால்தான்
கடைசி இலக்கம் தெரியும்.
நான்கு, பூஜ்யம், ஏழு...
கண்ணாடி நழுவியது. எழுந்து, மாட்டி, குனிந்தேன்.
நழுவியது. மறுபடி.

முட்டைக்கோஸுக்கு உப்பிட வந்த பெண் ஒருத்தி
பின்னால் நின்று எண்ணியிருக்கிறாள்: மூன்று.
ஈரக்கையை இடுப்பில் துடைத்துக்கொண்டே ஓடிவந்து
முழங்காலடியில் சாம்பல்நிற மெத்தையொன்றைச் செருகினாள்.
அதில்லம்மா, மீட்டர் பார்க்கிறேன்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
மெத்தை நன்றாக இருந்தது.
கடைசி இலக்கத்தைக்
கொஞ்சம் மெதுவாகவே படித்தேன்.

மே மாதம் மறுபடி போனேன்.
புதுக் குழாய். எவ்வளவு தடவியும் குமிழி இல்லை.
சந்நிதி மூலையில்
மெத்தைகள் அடுக்கி வைத்திருந்தன.
ஒன்று மட்டும் தனியே,
புத்தருக்கு முதுகு காட்டி,
மீட்டரைப் பார்த்துக் கிடந்தது.