விதி இரண்டு: சொற்பொருள்

கொம்தாரில் ஜன்னல் இல்லாத அறை.
குளிர்சாதனம் பிடரியில் ஊதுகிறது.
உள்ளதை உள்ளபடி பெயர்ப்பேன் என்று
காலையில்தான் சத்தியம் செய்தேன்,
மணிக்கு நாற்பது வெள்ளிக்கு.

விசாரணை எண் நாற்பத்தொன்று.
பச்சைநாயகி த/பெ சடையாண்டி, அப்பம் விற்பவர்.
மாநகர் மன்றம் இழுத்துப்போன
மூன்று சக்கர வண்டி ஒன்று.

தலைவர் புவான் ரொஸ்னானி
முதலில் சொற்களுக்குப் பொருள் படித்தார்.
'வாகனம்' எனில் நகரத்தக்கது.
'கட்டுமானம்' எனில் நகராதது.
பின்னிணைப்பு மூன்றின் படத்தில்
காற்றுப்போன டயரோடு வண்டி
இரண்டுக்கும் நடுவில் சாய்ந்து நின்றது.

'நாள்' எனில்
ஞாயிறும் பொது விடுமுறையும் நீங்கலாக.
அவர் என் காதருகே குனிந்தார்:
“ஞாயித்துக்கெழமதான் தம்பி ஓட்டமே.
அன்னிக்கு ஊத்துன அப்பமெல்லாம் எந்தக் கணக்கு?”
அது சாட்சியம் அல்ல என்று
நானே தீர்ப்பு எழுதி விழுங்கினேன்.

'கைவிடப்பட்டது' எனில்
உரிமையாளரோ அவருடைய முகவரோ
மூன்று மணி நேரத்துக்கு மேல் அருகில் இல்லாதது.
மன்றத்தின் வழக்கறிஞர் திரு. கூ
பேனா மூடியைக் கடித்தபடி கேட்டார்.
நான் கேட்டேன்:
“அம்மா, வண்டியக் கைவிட்டீங்களா?”

“கைவிட்டுட்டுப் போன ஆளு ஜொகூர்ல இருக்காரு.
நான் எதையும் கைவிட்டதில்ல.
நாலு மணி நேரம் டயாலிசிஸ்ல கெடந்தேன்.
மரத்தோட சேத்துச் சங்கிலி போட்டேன்.
பூட்டுனது கைவிட்டதா?”

மேசைமேல் அவர் கை.
முழங்கைக்குக் கீழே ஊசி இறங்கும் இடம்
சிறு மேடாகத் துடித்தது.
ஜொகூர் ஆளை மலாய்க்கு வெளியே நிறுத்தினேன்.
மரமும் சங்கிலியும் உள்ளே வந்தன.
நான்கு மணி நேரமும் வந்தே ஆகவேண்டும்,
மூன்றைவிட ஒன்று கூடுதலாக.
சுருக்கெழுத்தர் தட்டினார்: மறுக்கிறார்.

புவான் ரொஸ்னானி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.
'முகவர்' எனில்
வாய்மொழியாலோ எழுத்தாலோ பொறுப்பு பெற்றவர்.
யாரிடமாவது ஒப்படைத்தாரா?

“பக்கத்துல செண்டோல் விக்கிற சூன் லெங்.
கெளம்புறப்ப கண்ணால சொன்னேன்.
அவனும் தலைய ஆட்டுனான்.”

கண்ணால.
விதி இரண்டைத் தலைகீழாகப் பிடித்து உதறினாலும்
கண் விழாது.
வாய் இருக்கிறது. தாள் இருக்கிறது.
ஆனால் அவர் காட்டினேன் என்று சொல்லவில்லை,
சொன்னேன் என்றார்.
வினைச்சொல்லை மட்டும் எடுத்து
மலாயில் மெல்ல வைத்தேன்:
சொல்லிவிட்டுப் போனார்.

பேனா நின்றது. பிறகு ஓடியது.
முடிவு பின்னர் அறிவிக்கப்படும்.
'பின்னர்' எனில் எது என்று
எந்த விதியும் சொல்லவில்லை.

கதவருகே அவர் திரும்பினார்.
“நீங்க அவங்க ஆளா, நம்ம ஆளா?”
'தரப்பு' என்பதற்குள் நான் வரமாட்டேன்,
தேடிப் பார்த்திருக்கிறேன்.

விசாரணை எண் நாற்பத்திரண்டு.
ஒரு நாய்.
'அலைவது' எனில்