பூச்சியம் எட்டு பூச்சியம்

லபுக்கலைக்கு மேலே, தேயிலை முடிந்து
சவுக்குத் தொடங்கும் இடத்தில் எங்கள் குடில்.
ஒரு கம்பம், இரண்டு வானொலிப் பெட்டி,
இருமிக்கொண்டே ஓடும் ஜெனரேட்டர்.
டீசல் ஊற்றுவது என் வேலை.
கேட்பது வேலையில் சேராது. ஆனாலும்
காதுக்கு யார் செக்ரோல் போடுகிறார்கள்?

பலகையில் சிவப்பு எழுத்து, மூன்று மொழியில்:
பொத்தானைத் தொடக்கூடாது.
தமிழில் மட்டும் அது ‘பொத்தனை’ என்று
கால் ஒடிந்து கிடந்தது.

அன்றிரவு எட்டுப் பேரோடு
மட்டக்களப்புக்கு ஒரு சின்ன விமானம்.
இரத்மலானைக் கோபுரத்தில் ஒரு பெண்குரல்
(ஹர்ஷணி என்று விசாரணையில்தான் தெரிந்தது)
சாப்பிடாமல் வந்தவள்போல் சொற்களை விழுங்கினாள்:
“பூச்சியம் எட்டு பூச்சியம்.”
திசை அது. கிழக்கே திரும்பு, அவ்வளவுதான்.

விமானி எந்த ஊர்க்காரனோ.
முதல் பூச்சியத்தைப் பனி தின்றுவிட்டது.
“எட்டு பூச்சியம். ரோஜர். இறங்குகிறேன்.”
திசை உயரமாகிவிட்டது.
எட்டாயிரம் அடி.
பேதுருதாலகாலை எட்டாயிரத்து இருநூற்று எண்பத்தொன்று.
ஐந்தாம் வகுப்பில் பிரம்படி வாங்கி மனதில் ஏற்றிய எண்.

அவன் சொன்னது என் பெட்டிவரை வந்தது.
அதற்கப்பால் போகவில்லை.
கீழே போகும் தடத்தில் பகல் மழைக்கு
ஏதோ நனைந்திருந்தது.
இங்கே அவன் இறங்குகிறான்.
அங்கே அவள் மௌனத்தைச் சம்மதம் என்று குறிக்கிறாள்.
நடுவில் நான், டீசல் கையோடு.

ரோஜர் என்றால் கேட்டது என்று பொருள்.
விளங்கியது என்றல்ல. ஒத்துக்கொண்டேன் என்றுமல்ல.
எங்கள் மலையில் அதற்குச்
‘சரிங்க தொரை’ என்று பெயர்.
அம்மா பதினெட்டு கிலோ என்று இரண்டு தரம் சொன்னாள்.
கணக்கப்பிள்ளையின் பேனா பதினான்கு எழுதியது.
திருப்பிச் சொல்வதெல்லாம் போய்ச் சேர்வதில்லை.
சேராததால் அன்று யாரும் சாகவில்லை,
கறிக்குத்தான் குறைந்தது.

அழுத்தினேன்.
ஆங்கிலம் தெரியும் எனக்கு, கையேட்டின் அளவுக்கு.
அந்த நேரம் அதில் ஒரு சொல்லும் வாய்க்கு வரவில்லை.
“தூக்கு! மேல தூக்குடா, மலை, மலை!”

அதே கணம் அவளும் அழுத்தியிருக்கிறாள்.
என்னவோ உறுத்தியிருக்கிறது.
உன் உயரம் என்ன என்று கேட்டாளாம்.
இரண்டு குரல் ஒரே தடத்தில் ஏறினால்
இரண்டுமே போகாது.
ஊளைதான் போகும்,
தகரத்தில் ஆணி இழுத்தாற்போல், மூன்று விநாடி.

பிறகு சத்தம். பெட்டியில் அல்ல,
கூரைக்கு மேலே.
பிளேன்டீக் கோப்பை மேசையில் தானாக நகர்ந்தது.
மூடுபனிக்குள் ஒரு சிவப்பு விளக்கு சாய்ந்து
சவுக்கு உச்சிகளைக் கோதுவதுபோல் வந்து
ஏறியது.
ஏறிவிட்டது.

ஊளையில் காது கூசித்
தன்னையறியாமல் கையை இழுத்தேன் என்றானாம் விமானி.
பயத்தில் அல்ல, எரிச்சலில்.
பயணிகளில் ஒருவர், ஜன்னலில் பச்சை இலை பார்த்தேன் என்றாராம்.
இருட்டில் பச்சை தெரியாது என்று
அதை எழுதிக்கொள்ளவில்லை.

அறிக்கை நாற்பது பக்கம்.
என் குரலுக்கு அதில் ஒரு வரி:
‘அடையாளம் காணமுடியாத ஒலி, மூன்று விநாடி.’
தொட்டதற்கு இரண்டு வாரச் சம்பளம் பிடித்தார்கள்.
புதுப் பலகை வந்தது, முன்னதைவிடப் பெரியது.
கால் இன்னும் முளைக்கவில்லை.

விசாரணை அறைக்கு வெளியே
ஹர்ஷணி மட்டும் நின்று கேட்டாள், அவள் தமிழில்:
“நீங்க அப்ப என்ன சொன்னது?”
சொன்னேன்.
தலையாட்டினாள். “சரி” என்றாள்.
விளங்கியதா என்று
நான் கேட்கவில்லை.