தீப்பெட்டி அளவுக்கு

கோர்ட்டுக்கு எதிர்வரிசையில் என் கடை.
கல்யாண ஆல்பம் இங்கே வராது.
வருவதெல்லாம் நசுங்கிய பம்பர், பிடுங்கிப் போட்ட எல்லைக்கல்,
தையல் போட்ட புருவம்,
வாய்க்காலை மறித்துக் கொட்டிய மண்.
எட்டுக்குப் பன்னிரண்டு. மேட் பேப்பர்.
மினுமினுத்தால் வக்கீல்களுக்குப் பிடிக்காது.

அன்றைக்கு வந்தவருக்கு ஊர் செல்லூர், பேர் பஞ்சவர்ணம்.
என் மெஷினில் நாலு மைதான் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
பைக்குள் கைக்குட்டை, கைக்குட்டைக்குள் கேமரா,
தேய்ந்த சோப்புக்கட்டி அளவு.
லென்ஸ் மூடி பாதி திறந்து
பாதியில் நின்று முறைத்தது.

பக்கத்து வீட்டில் பதினாறு தறி. ராத்திரி ஷிப்டும் உண்டு.
வீடு இரண்டு, சுவர் ஒன்று.
விரிசல் இவர் பக்கத்தில் மட்டும்.
அளவு தெரிய வேண்டுமே என்று
காலித் தீப்பெட்டி ஒன்றைச்
சோற்றுப் பருக்கையால் சுவரில் ஒட்டியிருக்கிறார்.
ஒட்டின அன்று பேட்டரி தீர்ந்துவிட்டது,
எடுத்தது மறுநாள்.

"மங்கலா இருக்கு தம்பி. விரிசல் எடுப்பாத் தெரியணும்."

சின்ன கேமரா. இருட்டில் பாதி பார்க்கும்,
பாதி ஊகிக்கும்.
ஊகித்த இடமெல்லாம் மெழுகு பூசினாற்போல் இருக்கும்.
கூர்மையை இழுத்தேன்.
ஐம்பது, எண்பது, நூற்றிருபது.
விரிசலின் இரண்டு கரையிலும்
வெள்ளை நூல் ஒன்று ஓடியது,
சுவரில் இல்லாத வெள்ளை.

"இது என்னது?"
"கருப்பு கருப்பாத் தெரிய, பக்கத்துல வெளுப்பைக் கூட்டிவிடும்."
"சுண்ணாம்பு தடவி எடுத்தாங்கம்பான் அந்த வக்கீலு.
இறக்குங்க."

இறக்கினேன். கரையின் அகலத்தையும் சுருக்கினேன்.
வெள்ளை நூல் போயிற்று.
கூடவே இன்னொன்றும் போயிற்று.
அடியில் நாலு விரல் நீளத்துக்கு
கோடு புள்ளி புள்ளியாக உடைந்தது.
புள்ளிகளுக்குக் கால் முளைத்தது.

எறும்பு.

பருக்கைக்கு வந்த வரிசைதான்
விரிசலுக்கு வாலாக நின்றிருக்கிறது.

நான் திரையைப் பார்த்தேன், அவரும் பார்த்தார்.
கூர்மையே தராமல் விட்டால் நாலு விரல் கூடுதல்.
கண்ணைக் காட்டியிருந்தால் விட்டிருப்பேன்.
அப்படி விட்டுக் காசு வாங்கியதும் உண்டு,
ஒருமுறை ஒரு பம்பர்,
இரண்டு முறை ஒரு புருவம்.

"தறிக்காரன்கிட்ட நாலு விரல் கடன் எனக்கெதுக்கு?
எறும்போடயே போடுங்க."

முதல் பிரதி வந்ததும்
பையிலிருந்து அதே தீப்பெட்டியை எடுத்துப்
படத்திலிருந்த பெட்டிமேல் வைத்தார்.
நகக்கண் அகலம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.
தாளுக்குப் பொருந்தட்டும் என்று
மெஷின் தன் இஷ்டத்துக்குச் சுருக்கியிருந்தது.

இரண்டாவது அளவில் சரி, சுவர் நீலமாகிவிட்டது.
"எங்க சுவரு பாசிப்பயறு ஊறுன நிறம்.
இது போலீஸ் ஸ்டேசன் மாதிரில்ல இருக்கு."
சுவரை நான் பார்த்ததில்லை.
தீப்பெட்டிச் சிவப்பைச் சாட்சியாக வைத்து
மஞ்சளைக் கொஞ்சம் ஏற்றி
நீலத்தை ஒரு சொட்டு குறைத்தேன்.
டியூப் லைட்டில் பார்க்காதீர்கள், வாசலுக்கு வாருங்கள் என்றேன்.
வெயிலில் பிடித்துப் பார்த்தார் வெகுநேரம்.
அவர் வீட்டுச் சுவர் மேலூர் ரோட்டில் நின்றது.

திரும்பி வந்து, மேசையில் விரித்து, பெட்டியை வைத்தார்.
ஓரம் ஓரத்தில் மறைந்தது.
சிவப்பு எங்கே முடிகிறது, அட்டை எங்கே தொடங்குகிறது,
எனக்கே தெரியவில்லை.

மாட்டுத்தாவணிக்குப் போகிற பஸ் ஒன்று
கடையை ஒட்டிக் கடந்தது.
மேசை லேசாக அதிர்ந்தது.
பெட்டி ஒரு மயிரிழை நகர்ந்து
அடியிலிருந்த பெட்டி எட்டிப் பார்த்தது.

"இதேதான்," என்றார்,
விரலால் பெட்டியை அமுக்கிக்கொண்டு.
"ராத்திரி பூரா."