ஒரு தலை குறைகிறது

சிப்ரி பஜாரில் மாவு மில்லுக்கு மேல்மாடி எங்கள் அச்சகம்.
மில் ஓடினால் தரை அதிரும். ஈய எழுத்துகள்
பெட்டிக்குள் பல்லைக் கடித்துக்கொள்ளும்.
அந்த ஜூன் முழுக்க ஒரே வேலை:
எண்பது வருடப் பழைய மாவட்ட கெசட்டியருக்கு மறுபதிப்பு.

நான் மூலத்தை உரக்க வாசிப்பேன்.
எதிரே சுர்சதி, புரூஃப் தாளில்
சிவப்புப் பென்சிலை வரிவரியாக நகர்த்துவாள்.
"பேத்வா, காற்புள்ளி, மழைக்காலத்தில்
படகின்றிக் கடக்க இயலாதது, முற்றுப்புள்ளி.
பத்தி. எள் விளைச்சல் சுமார்."
இப்படியே மண்வகை, கிணற்று ஆழம், கொள்ளைநோய்,
கலெக்டர் சுட்ட சிறுத்தைகள்.
மாலைக்குள் என் தொண்டையில் ஒரு துரை குடியேறிவிடுவான்.
வீட்டில் உப்புக் கேட்டாலும்
'உப்பு, காற்புள்ளி' என்றுதான் வருகிறதாம்.

புதன்கிழமை அத்தியாயம் மூன்று: மக்கள்.
பிராமணருக்கு இரண்டு பக்கம். எங்கள் காயஸ்தருக்கு
முக்கால் பக்கம், 'கணக்கில் கெட்டி, நாணயத்தில் சுமார்.'
சிரித்தேன். அவளும் சிரித்தாள்.
அடுத்த பத்தியையும் அதே மூச்சில் வாசித்தேன்:
"இவர்கள், காற்புள்ளி, ஆணும் பெண்ணுமாக, காற்புள்ளி,
பிறவித் திருடர்கள், அரைப்புள்ளி,
பெண்களின் ஒழுக்கம் குறித்து
எழுதாமல் விடுவதே நலம், முற்றுப்புள்ளி."

பென்சில் சத்தம் நின்றிருந்தது.
"திரும்ப வாசிங்க, கரே பாபு."
வாசித்தேன்.
"இன்னொரு தடவை."
மூன்றாம் தடவை, ஏனென்று தெரியாமல்,
குறிகளை விட்டுவிட்டேன்.
அவள்தான் எடுத்துக்கொடுத்தாள்: "அரைப்புள்ளி."
'திருடர்கள்' என்ற சொல்லில் ஓர் எழுத்து
தலைகீழாகக் கோத்திருந்ததாம்.
நிமிர்த்தச் சொல்லி ஓரத்தில் குறி போட்டாள்.

சம்பளப் பதிவேட்டில் அவள் சுர்சதி தேவி, அவ்வளவுதான்.
என்ன சாதி என்று கேட்பவர்களிடம்
"வாடகை வீடு" என்பாள்.

நாலு பக்கம் தள்ளி அட்டவணை. அந்தப் பெயருக்கு நேரே
ஆண் 1,206. பெண் 988. மொத்தம் 2,193.
"கூட்டல் தப்பு" என்றாள்.
மூலத்தைப் பார்த்தேன். மூலத்திலும் தப்பு.
"ஒரு தலை குறையுது."

நிகம் சாகிப் பான் சாற்றைத் துப்பிவிட்டு வந்து
விதியைச் சொன்னார்: நாம் கோத்த பிழை நம் பிழை.
துரை செய்த பிழை சரித்திரம், தொடாதே.
"எண்ண வந்த அன்று ஒருத்தன் ஓடியிருப்பான்"
என்று சேர்த்துக்கொண்டார்.
அவள் ஒரு சீட்டில் மூன்று எண்களையும்
ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி
அவருடைய பான் டப்பாவுக்கு அடியில் வைத்தாள்.
மறுநாளும் வைத்தாள். அதற்கு மறுநாளும்.

ஒருநாள் படியிறங்கும்போது, கேட்காமலே:
"எங்க அப்பா ராத்திரி பதினொன்னுக்கும் மூணுக்கும்
தாணாவுல போய் 'ஹாஜர்' சொல்லணும்.
காய்ச்சல்ல கிடந்த ஒரு ராத்திரி போகல.
மூணு மாசம் உள்ள போட்டாங்க.
தலை ஒன்னு குறைஞ்சா அப்பல்லாம் அவங்களுக்குத் தெரிஞ்சுது."
மில் ஓடிக்கொண்டிருந்தது.
சரியாகக் காதில் விழாதவன்போல்
நான் செருப்பைத் தேடினேன்.

புத்தகம் தீபாவளிக்கு வந்தது.
அந்தப் பத்தி அப்படியே, எழுத்து நிமிர்ந்து, பிழையின்றி.
மொத்தமும் 2,193தான்.
ஆனால் முன்னட்டைக்குள் விரலகலச் சீட்டு:
'பக்கம் 217. 2,193 என்பதை 2,194 எனப் படிக்கவும்.'
நிகம் சாகிப் எந்த நாள் இறங்கிவந்தார், தெரியாது.
கீழே மில்லில் மைதா வாங்கிப் பசை காய்ச்சி
ஐந்நூறு பிரதியிலும் நாங்களே ஒட்டினோம்.

மைதாப் பசைக்கு ஆயுள் குறைவு.
எந்த ஊர் நூலகத்தில் அந்த முதுகைக் கண்டாலும்
இறக்கி, அட்டையைத் திறந்துவிடுகிறேன்.
குவாலியரில் இருந்தது.
போபாலில் பூச்சி அரித்து 'எனப் படிக்கவும்' மட்டும் மிச்சம்.
சாகரில் இல்லை. பென்சில் எடுத்து எழுதினேன்.
வாய்விட்டு வாசித்தும் இருக்கிறேன் போல,
நூலகர் நிமிர்ந்து பார்த்தார்.